மந்திரமும் கல்வியும்: ஒரு சப்பானியச் சித்திரத் தொடரும் மணிமேகலையும்

முன்னுரை

தமிழாய்விதழ் ஒன்றில் சப்பானிய நாட்டுச் சித்திரக்கதைத் தொடரொன்றைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பளிக்கலாம். சிலர்க்கு வெறுப்பும் தரலாம். இளையோர் பொழுதுபோக்கிற்கென எழுந்த நூலை ஆராய்ச்சியாளர் எடுத்துப் பேசுதல் தகுமோ என்னும் ஐயம் எமக்கும் முன்னர் இருந்ததே. காஞ்சிமாநகரில் எம்மிடம் முதுகலை பயிலும் மாணவி ஒருவர் பட்டு நெசவுக் குடியிற் பிறந்தவர். அவர் ஒரு நாள் அத்தொடரின் முதல் தொகுதியை எம் மேசைமேல் வைத்து, "ஐயா, இதனை மந்திரக் கதை என்கிறார்கள். எனக்கு எங்கள் வீட்டுத் தறியின் கதையாகத் தோன்றுகிறது. எங்கள் பாட்டனார் கோர்வை நுட்பத்தை மகன்களுக்குச் சொன்னார், மகள்களுக்குச் சொல்லவில்லை" என்றார். அச்சொல்லே எம்மை அந்நூலுள் ஆற்றுப்படுத்தியது.

படித்து முடித்த பின்னர் மாணவியின் கூற்று மிகையன்று எனக் கண்டோம். அன்றியும், காஞ்சியில் நிறைவெய்தும் மணிமேகலைக் காப்பியத்தை மீண்டும் எடுத்து ஓதுமாறு அந்நூல் எம்மைத் தூண்டிற்று. இளையோர் மந்திரம் கற்கும் கதைகளின் உயிர்நிலை மந்திரம் அன்று. அறிவு யாருக்கு உரியது, அதனை மறைப்பார் யார், திறப்பார் யார் என்னும் வினாவே. அவ்வினாவை இத்தொடர் நேர்மையுடன் எழுப்புகிறது என்பதும், ஆகலின் தமிழ் மாணாக்கர் அதனைப் பயிலுதல் நன்று என்பதும் இக்கட்டுரையான் நிறுவப்பெறும்.

படமும் சொல்லும்

சித்திரக்கதையைச் சப்பானியர் 'மாங்கா' என்பர். ஓவியர் ஹொக்குசாய் தம் படத் தொகுதியை 1814ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட காலத்தில் அச்சொல் பரவலாயிற்று. ஒசாமு தெசுகா (1928–1989) அக்கலையைப் பெருங்கதை இலக்கியமாக உயர்த்தினார். புத்தர் வரலாற்றை 1972 முதல் 1983 வரை நெடுந்தொடராக வரைந்தவர் அவரே. எனவே, இவ்வடிவம் சிறுவர்க்கே உரியது என்று ஒதுக்குதல் பொருந்தாது.

படத்தையும் சொல்லையும் இணைத்துக் கதை கூறுதல் தமிழர்க்குப் புதிதும் அன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில், பரங்குன்றத்து ஓவியங்களின்முன் மக்கள் நின்று, இவர் யாவர் என வினவலும், அறிந்தோர் விரல் சுட்டி விடையளித்தலும் காணப்படுகின்றன. அவ்வோவியங்களுள் கவுதமன் சினத்தால் கல்லுருக்கொண்ட அகலிகையும் ஒருத்தி. காஞ்சியில் எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவருமன் எடுப்பித்த வைகுந்தப்பெருமாள் கோயிலின் திருச்சுற்று மதிலிலோ பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பமாக்கப்பட்டுள்ளது. நிகழ்ச்சிகளை விளக்கும் எழுத்துக் குறிப்புகளும் அவற்றின் பக்கலில் உள. அச்சுற்றினை வலம் வருவார் ஒருவகையிற் சித்திரக்கதை படிப்பவரே ஆவர். தாளில் அச்சானமை ஒன்று கொண்டே அவ்வடிவத்தைத் தாழ்வெனக் கூறல் அமையாது.

தொடரும் ஆசிரியரும்

யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட தொடரின் சப்பானியப் பெயர் 'தொங்காரி போஷி நோ அதோரியே'. கூர்த்தொப்பியாரின் பட்டறை என்பது அதன் பொருள். யாம் பயின்ற ஆங்கில மொழிபெயர்ப்பு 'விட்ச் ஹாட் அட்டெலியர்' என்னும் பெயருடையது. ஆசிரியர் கமோமே ஷிராஹாமா என்னும் பெண்மணியார். தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக் கலை பயின்றவர். 2016ஆம் ஆண்டு கொடான்ஷா நிறுவனத்தின் 'மார்னிங் டூ' இதழில் தொடர் தொடங்கிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பு 2019 முதல் வெளிவரலாயிற்று. 2020இல் அது சித்திரக்கதைக்குரிய ஐஸ்னர் விருது பெற்றது.

ஏடுகளை வலமிருந்து இடமாகப் புரட்டிப் படித்தல் வேண்டும். முதற் சில பக்கங்களில் கண் தடுமாறும், பின்னர்ப் பழகிவிடும்.

கதைப்போக்கு

கோகோ என்னும் சிறுமி ஆடை தைத்து விற்கும் தாயின் ஒரே மகள். மந்திரம் என்பது பிறப்பால் வாய்ப்பது; மந்திரவாதியாகப் பிறவாதார் அதனைக் கற்க இயலாது. இவ்வாறு அந்நாட்டு மக்கள் அனைவரும் நம்புகின்றனர். கோகோவும் அவ்வாறே நம்பி, ஆயின் ஏக்கம் நீங்காது வாழ்கின்றாள். ஒரு நாள் கிஃப்ரி என்னும் மந்திரவாதி, உடைந்த வண்டியொன்றைச் செப்பனிட அவர்கள் இல்லம் வருகிறான். தன் செயலை எவரும் காணலாகாது என்று அவன் விலக்கவும், கோகோ ஒளிந்திருந்து காண்கிறாள். அவன் எதனையும் ஓதவில்லை. எழுதுகோலால் மையைத் தொட்டு ஒரு வட்டம் வரைகிறான். மந்திரம் என்பது வரைந்து கற்கும் வித்தையே, பிறவிப்பேறு அன்று, என்பது அவளுக்குப் புலனாகிறது.

முன்னொரு விழாவில் முகம் மறைத்த ஒருவனிடமிருந்து பெற்ற படநூல் அவளிடம் உண்டு. அதிலுள்ள வட்டங்களைப் பொருளறியாது படியெடுக்கிறாள். அவற்றுள் ஒன்று வீட்டையும் தாயையும் கல்லாக்கி விடுகிறது. அகலிகையைக் கல்லாக்கியது முனிவன் சினம்; இத்தாயைக் கல்லாக்கியது மகளின் கல்வி வேட்கை.

மந்திரத்தின் மறையை அறிந்த பொதுமக்களின் நினைவை அழித்தல் அவ்வுலகின் சட்டம். கிஃப்ரி அச்சட்டத்தை ஒதுக்கி, அச்சிறுமியைத் தன் மாணாக்கியாக ஏற்கிறான். அப்பட்டறையில் அகாட், டெட்டியா, ரிச்சே என்னும் மூவர் முன்னரே பயில்கின்றனர். தாயை மீட்கும் வழி தேடிக் கோகோ கற்பதே தொடரின் பொருள்.

மந்திரம் என்னும் கைவினை

மேலை நாட்டு மந்திரக் கதைகளுள் பெரும்புகழ் பெற்ற ஹாரி பாட்டர் வரிசையில் (1997–2007) மந்திர ஆற்றல் பிறவியில் அமைவது. பள்ளி அதனைப் பண்படுத்துவது. நம் மரபிலோ தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்திற்கு இலக்கணம் கூறியுள்ளது. சொல்லின் பயன் குன்றாத பெரியோர் தம் ஆணையாற் கிளக்கும் மறைசொல் அது. ஈண்டு ஆற்றல் சொல்வோன் பெருமையைச் சார்ந்தது. கம்பராமாயணத்தில் விசுவாமித்திரன் இளையோராகிய இராமலக்குவர்க்குப் பலை, அதிபலை என்னும் வித்தைகளை அளிக்கின்றான். அதுவும் ஆசான் அருளிய பேறே.

ஷிராஹாமா இவ்விரு நெறிகளினின்றும் விலகி, மந்திரத்தைக் கைவினையாக்கியுள்ளார். நடுவில் தீ, நீர், காற்று முதலியவற்றைக் குறிக்கும் முதன்மைக் குறி. அதனைச் சூழ்ந்து திசையும் அளவும் காட்டும் துணைக்குறிகள். புறத்தே அனைத்தையும் வளைக்கும் வட்டம். வட்டம் மூடுங்காறும் மந்திரம் எழாது. மூடிய கணமே எழும். கோடு நடுங்கினால் பயனும் நடுங்கும். பறத்தற்குரிய காலணியில், வட்டத்தின் ஒரு பாதி ஓர் அணியிலும் மறுபாதி மற்றதிலும் வரையப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்துங்கால் ஆள் எழுவார். இவற்றையெல்லாம் ஆசிரியர் சொல்லால் அன்றிக் கோட்டால் விளக்குகின்றார். மந்திரம் வரைதலே என்னும் கதையை வரைந்தே கூறுதலின் வடிவும் பொருளும் இயைகின்றன. இவ்வியைபே இந்நூலின் தலையாய சிறப்பு.

மாணவி தம் வீட்டுத் தறியை நினைந்ததன் காரணம் இதுவே. காஞ்சிப் பட்டில் உருவம் முதலில் கட்டத்தாளில் எழுதப்படும். கட்டத்திற்கேற்ப அட்டையில் துளையிடுவர். துளையுள்வழி இழை எழும், இல்வழி எழாது. ஒரு துளை பிழைப்பின் அன்னத்தின் கழுத்து முறியும். இனிக் கோர்வை என்பது, உடல் ஒரு நிறமும் இரு கரைகள் வேறு நிறமுமாக, மூன்று நாடா கொண்டு நெய்து, நிறங்கள் சேருமிடத்து ஊடும் ஊடும் பற்றிக்கொள்ளுமாறு இணைக்கும் நுட்பம். தறியில் அமர்ந்தாரோடு பக்கத்தில் ஓர் உதவியாளும் வேண்டும். அவ்விடத்தில் அமர்ந்தே இளையோர் பல தலைமுறையாகத் தொழில் பயின்றனர். பார்த்தலே அவர்க்குப் பாடம். யாரைப் பார்க்க விடுவது என்பது குடும்பத்தின் தீர்ப்பு. கோகோ கதவிடுக்கில் ஒளிந்து கண்டதும் இத்தகைய பாடமே.

மறைத்தலும் திறத்தலும்

இனி நூலின் உயிர்நிலைக்கு வருவோம். ஒரு காலத்தில் மந்திரம் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. மக்கள் அதனைப் போருக்கும், மனித உடலைத் திரித்தற்கும் பயன்படுத்தினர். அதனாற் கூர்த்தொப்பியார் ஓர் உடன்படிக்கை செய்து, உலகத்தார் நினைவை அழித்து, வித்தையைத் தமக்குள் மறைத்தனர். உடல்மேல் மந்திரம் வரைதல் முற்றும் விலக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையை ஏற்காது, விளிம்புத் தொப்பியணிந்து கரந்து திரிவாரும் உளர். கோகோவிடம் படநூலைத் தந்தவன் அவருள் ஒருவன்.

மறைப்பார் கொடியர், திறப்பார் நல்லர் என்றோ, அதன் மறுதலையாகவோ முடித்தல் எளிய வழி. ஆசிரியர் அவ்வழிச் செல்லவில்லை. கோகோவின் தாய் கல்லானமை, முறையின்றித் திறந்த அறிவின் கேட்டைக் காட்டுகிறது. விபத்தில் நடக்கும் ஆற்றல் இழந்த கஸ்டாஸ் என்னும் சிறுவனின் நிலையோ மறைத்தலின் கேட்டைக் காட்டுகிறது. அவன் கால்களைக் குணப்படுத்த முயலுதலும் உடல்மேல் மந்திரம் செய்தலே ஆகலின் சட்டம் தடுக்கிறது. மருத்துவத்தையும் கொடுமையையும் ஒரே தாழ்க்கோலால் பூட்டியமை அவ்வுடன்படிக்கையின் குற்றம். இரு கேட்டையும் ஒருங்கே கண்ட சிறுமி எதனைத் தெரிவாள் என்பதே கதையை நடத்துகின்றது.

நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர் இலக்கணமும் மாணாக்கர் இலக்கணமும் வகுத்துள்ளது. அன்னமும் ஆவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். அவ்வளவைகொண்டு நோக்கின், கிடைத்ததை மேய்ந்து பின்னர் அசைபோடும் ஆவினைக் கோகோ ஒப்பாள். பிறர் வரைந்ததைத் திரும்ப வரையேன், எனக்குரிய மந்திரமே வரைவேன் என நிற்கும் ரிச்சே, கிளியாக மறுப்பவள். அகாட் முதலிற் கோகோவை ஏற்காது, தேர்வென்று கூறித் தனியே இடர்மிக்க இடத்திற்கு அனுப்புகிறாள். பிறப்பால் உள்ளிருந்தும் தகுதியை நிறுவ இடையறாது உழைப்பவள், புறத்திருந்து வந்தவளைக் கண்டு அஞ்சுதல் இயல்பே. வகுப்பறையில் நாள்தோறும் நிற்பார்க்கு இவ்வகாட் நன்கு அறிமுகமானவள். கிஃப்ரியோ அன்புடைய ஆசான். ஆயினும் தன் சொந்த நாட்டம் ஒன்றனை மாணாக்கியரிடம் மறைப்பவன். நன்னூலின் அளவையால் அவனை நல்லாசிரியன் என முற்றும் கூறல் இயலாது.

மணிமேகலை காட்டும் நெறி

இளம்பெண் ஒருத்தி மந்திரம் பெற்று உலகிற் புகும் கதையைத் தமிழில் முதலில் விரித்துரைத்தவர் சீத்தலைச் சாத்தனார். மந்திரம் கொடுத்த காதையில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் வான்வழிச் செல்லும் மந்திரத்தையும் அளிக்கின்றது. யாம் பன்முறை படித்தும் நின்று நோக்காத செய்தி ஒன்றை இத்தொடர் எமக்கு நினைவூட்டியது. வேற்றுரு எதற்கு? நீ இளையள், பெண். ஆதலின் சமயவாதிகள் தம் நூற்பொருளை உனக்குக் கூறார் என்பதே தெய்வம் காட்டும் காரணம். அறிவின் கதவு அடைக்கப்பட்டமையின் மந்திரம் தேவையாயிற்று. வஞ்சி நகரில் அவள் தவவேடத்து ஆணுருவிற் சென்றே சமயக்கணக்கர் திறம் கேட்கிறாள். பிறப்பால் விலக்கப்பட்ட கோகோவும் பெண்மையால் விலக்கப்பட்ட மணிமேகலையும் ஒரே வாயிலின்முன் நிற்பவர்.

ஆற்றல் தன்னைப் பெற்றாள் கருதாத கேட்டை விளைத்தலும் இரு நூலுக்கும் பொது. மணிமேகலை காயசண்டிகை வடிவிற் சென்றமையால், அவளைத் தன் மனைவியெனக் கருதிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் எறிகின்றான். சாத்தனார் அதனை முன்வினைப் பயன் எனக் கந்திற்பாவையின் வாயால் அமைதி கூறுவிப்பார். கோகோவிற்கு அவ்வமைதி இல்லை. தன் கை வரைந்த கோட்டையே அவள் காரணமாகக் கொள்ளல் வேண்டும். பழைய காப்பியத்திற்கும் இக்காலக் கதைக்கும் உள்ள பெருவேறுபாடு ஈண்டுத் தோன்றும்.

மூன்றாவது மந்திரம் பசியறுப்பது. எழுந்து சென்ற தெய்வம், மறந்ததொன்று உண்டென மீண்டும் இழிந்து வந்து அதனை அளிக்கின்றது. அம்மந்திரம் மணிமேகலையின் பசியையே அறுத்தது. அரசி சிறையிலிட்டு உணவின்றி வருத்திய காலத்து அவள் உயிரைக் காத்தது. பிறர் பசியை அறுத்தது அமுதசுரபி. மறைமொழி கற்றாரை மட்டும் காக்கும். பாத்திரம் வந்தார் அனைவரையும் காக்கும். காஞ்சியில் மழை வறந்து மக்கள் வாடியபொழுது அவள் வான்வழி வந்து, அரசன் அமைத்த பொழிலில் பீடிகைமேல் அப்பாத்திரத்தை வைத்தழைக்க, பதினெட்டு மொழி பேசுவாரும், கண்ணிலார், செவியிலார், காலிலார் முதலியோரும் வந்து உண்டனர் எனக் கச்சிமாநகர் புக்க காதை கூறும். கஸ்டாஸுக்குத் தாழிடப்பட்ட கதவு இக்காதையில் திறந்தே கிடக்கிறது.

அதன் பின்னரே கல்வி நிகழ்கிறது. அறவண அடிகள்முன் நின்று மணிமேகலை, தான் வஞ்சியிற் கொண்ட அவ்வேற்றுருவைப் போலவே ஆங்குக் கேட்ட சமயங்களும் செவ்வியவல்ல என உள்ளத்திற் கொள்ளவில்லை எனக் கூறி, மெய்ப்பொருள் உரைக்குமாறு வேண்டுகின்றாள். வேற்றுருவைக் கழிந்ததொன்றாக அவள் சுட்டுதல் நோக்கத்தக்கது. அடிகள் அளவை நூலை விரித்துரைக்கின்றார். தன்னை மறையாது ஒருத்தி வினவவும், பொருளை மறையாது ஒருவர் விடை கூறவும் கூடிய இடத்தில் மந்திரத்திற்கு வேலையில்லை. பத்தாம் காதையிற் பெற்ற ஆற்றல் இருபத்தொன்பதாம் காதையில்தான் அறிவாகக் கனிகின்றது. அக்கனிவு நிகழ்ந்த நகர் காஞ்சி என்பதனை, இந்நகரில் ஆசிரியத் தொழில் புரியும் யாம் மறத்தல் ஆகாது.

குறைகள்

இத்தொடர் குறையற்றதன்று. முதலாவது, கிளைக்கதைகள் மிகுந்து, கல்லாய் நிற்கும் தாய் நெடும்பொழுது நினைவினின்றும் நீங்கிவிடுகின்றாள். வெள்ளி இரவு விழாப் பகுதி அளவிறந்து நீண்டது. புதியோர் பலர் வந்து செல்லுதலின் பெயர்களை நினைவிற்கொள்ளுதலே தனி உழைப்பாகிறது. இரண்டாவது, ஒவ்வொரு பக்கமும் வேலைப்பாடு மிக்கதாகலின் சில இடங்களில் நிகழ்ச்சியை ஓவியம் விழுங்கிவிடுகிறது. கரையும் முந்தியும் சரிகையாற் கனத்த சேலையில் உடல் தோன்றாமை போல்வது அது. மூன்றாவது, யாம் பயின்ற அளவில், பசி அவ்வுலகின் நடுவிடத்திற்கு வருவதில்லை. அறிவு யாருக்கு என்று கேட்கும் ஆசிரியர், உணவு யாருக்கு என்று அத்துணை அழுத்தமாகக் கேட்டிலர். சாத்தனாரைக் கற்றார்க்கு இக்குறை உடனே தோன்றும். யாம் இதனை எழுதும் பொழுதில் தொடர் நிறைவெய்தவும் இல்லை. ஆகலின் எம் மதிப்பீடு இடைக்கால மதிப்பீடே. முடிவு நோக்கித் திருந்துதற்குரியது.

முடிவுரை

இக்குறைகள் இருப்பினும் முதுகலை மாணாக்கர் இத்தொடரைப் பயிலுமாறு யாம் பரிந்துரைக்கின்றோம். முதல் தொகுதியைப் படித்துவிட்டு மணிமேகலையின் பத்தாம், இருபத்தெட்டாம், இருபத்தொன்பதாம் காதைகளை ஓதுக. பின்னர்த் தொடரின் எஞ்சிய தொகுதிகளுக்குச் செல்க. ஒப்பிலக்கியம் கற்பிப்பார்க்கு வேற்றுரு, விலக்கப்பட்ட அறிவு, ஆசான் இலக்கணம் என்னும் மூன்றும் நல்ல ஆய்வுப் பொருள்களாகும். அன்னாட்டுக் கதையைப் போற்றுதற்காக அன்று. நம் காப்பியத்தில் யாம் காணாது கடந்த வரிகளைக் காட்டியமைக்காகவே இப்பரிந்துரை.

மறைத்த வித்தை மறைத்தார் கையிலேயே அழிதலும் உண்டு. காஞ்சிப் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும். கை அறிந்ததைக் காவாது. எம் மாணவியின் பாட்டனார் கோர்வை கற்பித்த மகன்கள் இருவரும் இன்று ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். வீட்டுத் தறிக்குழி பலகையிட்டு மூடப்பட்டுள்ளது. மாணவி தம் ஆய்வேட்டிற்குக் காஞ்சி நெசவுச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கியுள்ளார். மாலைதோறும் பாட்டனாரின் அருகில் அமர்ந்து வினவுகிறார். மகள்களுக்குச் சொல்லாதவற்றைப் பேர்த்திக்கு அவர் இப்பொழுது சொல்லி வருகிறார். சென்ற திங்கள், சொல்லினால் விளங்காது என்று கூறி, பலகையை எடுக்கச் சொன்னாராம்.